வால்வுக்கரியில் முளைத்த அடம்பங்கொடி

காங்கேயத்தில் மாரியம்மன் பூச்சாட்டுக்கு முளைப்பாரிச் சட்டிகளைத் திறந்தபோது, நவதானியம் முளைத்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு சட்டியில் ஏலச்செடியும் இன்னொன்றில் தாழையும் வேறொன்றில் நீலக்குறிஞ்சியும் நின்றதை அந்தத் தெருப் பெண்கள் பார்த்தார்கள், பார்த்து "அட ஆத்தா" என்று ஒரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதற்குமேல் வாயைப் பிளந்துகொண்டு நிற்க நேரமில்லை, மேளக்காரருக்கு வெள்ளகோவிலில் இன்னொரு கோயில் இருந்தது, பூசாரிக்கு இடுப்புவலி, வெயிலும் ஏறிவிட்டது. சட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாகக் கிளம்பினார்கள். தாழைச் சட்டி எடுத்தவள் மட்டும் முள் குத்தாமலிருக்கச் சும்மாட்டை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். அந்த வரிசையின் கடைசியில் வெறுங்கையோடு நடந்துபோன போஸ்ட்மாஸ்டர் பூங்கோதையைப் பற்றியதுதான் இந்தக் கதை.

தப்பு பழனாத்தாள் செய்தது. தப்பு என்று சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள், அதனால் மெதுவாகச் சொல்கிறேன். முளைப்பாரி போடுகிற பொறுப்பு வருஷா வருஷம் அவளுடையது, சட்டியில் எருவோடு தொட்டிக்கரித் தூளையும் ஒரு கை கலப்பது அவள் வழக்கம்; காங்கேயத்தில் அதற்கா பஞ்சம், திரும்பின பக்கமெல்லாம் தேங்காய் உலர்த்துகிற களம், தேங்காய்த் தொட்டியை, அதாவது சிரட்டையை, சுட்டுக் கரியாக்குகிற குழி. அந்த வருஷம் தாராபுரம் ரோட்டுப் பக்கமாக நடந்து வந்தவள், கிட்டுசாமியின் கார் ஷெட் வாசலில் ஒரு சாக்கு நிறையக் கறுப்புத் தூள் இருப்பதைப் பார்த்தாள், கையை விட்டுப் பார்த்தாள், தொட்டித் தூள் விரலில் நெருடியது. கிட்டுசாமி டீ குடிக்கப் போயிருந்தார். சாமி காரியத்துக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று சாக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அது தொட்டிக்கரி இல்லை. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஊரே போட்டி போட்டுக்கொண்டு வாங்கிய புது மாதிரிப் பெட்ரோல் கார்கள் அந்த வருஷம் ஒவ்வொன்றாக ஷெட்டுக்கு வர ஆரம்பித்திருந்தன, எல்லாவற்றுக்கும் ஒரே நோவு: காலையில் ஸ்டார்ட் செய்தால் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் யோசித்து யோசித்து நகரும். பிரித்துப் பார்த்தால் காற்று உள்ளே போகிற வால்வுகளின் முதுகில் கரி அப்பிக் கிடக்கும். கிட்டுசாமி வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பாட்டைப் பாடினார். "பழைய வண்டியில பெட்ரோல் வால்வு மேல தூறீட்டே உள்ள போகுமுங்க, அழுக்கு ஒட்டுனாலும் கழுவீட்டுப் போயிரும். இதுல பெட்ரோலை நேரா உள்ளயே பீச்சுது, வால்வு நனையறதே இல்லீங்க. ஆயில் புகை மேல மேல படிஞ்சு வெந்து கரியாயிருது. அதுல நீங்க வேற ரெண்டு கிலோமீட்டர் ஓட்டீட்டு, எஞ்சின் சூடு ஏறறதுக்குள்ள நிறுத்தீர்றீங்க. அப்புறம் வண்டி என்னதாங்க பண்ணும்?"

வெளியூரில் இதற்கு ஏதோ சீமைக் கொட்டையின் ஓட்டைப் பொடித்துக் காற்றில் பீச்சிக் கரியைப் பெயர்க்கிறார்களாம். கிட்டுசாமி தேங்காய்த் தொட்டியையே நைசாக இடித்துச் சலித்துப் பீச்சினார், வால்வு புதுக்காசு மாதிரி ஆனது. பெயர்ந்த கரியும் தொட்டித் தூளும் கலந்து சேர்ந்த சாக்குதான் அம்மன் சட்டிக்குப் போனது.

முளைப்பாரியைக் கோயில் கிணற்றில் கரைத்தார்கள், அந்த வாரம் முழுக்கக் கிணற்றுத் தண்ணீரில் ஏலக்காய் மணந்தது, யாரும் குறை சொல்லவில்லை. கிட்டுசாமி மட்டும், காணாமல் போன சாக்கு எங்கே போனது என்று தெரிந்ததும், ஷெட்டுக்கு வந்து ஒரு வேலை செய்தார்: ஷெட்டில் அப்போது நின்ற நாலு வண்டிகளின் கரியைத் தனித்தனியாக நாலு சட்டியில் போட்டு, வண்டி நம்பரைச் சுண்ணாம்பால் எழுதி, தண்ணீர் தெளித்து வைத்தார். ஒன்பதாம் நாள் நாலும் முளைத்தன. விதை ஒன்றும் போடவில்லை, கரியைத்தான் போட்டார். ஜவுளிக்கடைக்காரர் வண்டிக் கரியில் காப்பிச் செடி வந்திருந்தது. அதைப் பார்த்த அவர் மனைவி சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கல்யாணமான புதுசுல ஏற்காடு கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களே, உங்களுக்கு மறந்துபோச்சு, வண்டிக்கு ஞாபகம் இருக்குது பாருங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் அழுதாள்.

அப்படித்தான் ஊருக்குப் புரிந்தது. எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று வண்டி வாங்கினார்களோ, எந்த ஊருக்குப் போகாமலேயே வீட்டுக்கும் கடைக்குமாக உருட்டிக்கொண்டிருந்தார்களோ, அந்த ஊர் மண்ணில் விளைகிறது எதுவோ அது முளைத்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது, ஆக வேண்டியதைப் பார்த்தார்கள். சட்டி செய்கிறவர் வீட்டில் சக்கரம் ஓயாமல் சுற்றியது. வேளாண்மை ஆபீசர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து எழுதிக்கொண்டு போனார், போகும்போது தன் வண்டியையும் ஷெட்டில் விட்டுவிட்டுப் போனார். பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை வண்டியில என்ன செடிங்க வந்துச்சு?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிப்போனது. பழைய கார் வைத்திருந்தவர்கள் எங்கள் வண்டியில் கரியே பிடிக்க மாட்டேன் என்கிறதே என்று மூக்கைச் சிந்தினார்கள், கிட்டுசாமி அவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊர் காலியாகிவிடும், ஆளாளுக்குச் சட்டியைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு ஏற்காட்டுக்கும் வால்பாறைக்கும் வேதாரண்யத்துக்கும் கிளம்பிவிடுவார்கள், நாவிதர் கடையில் ஈ ஓட்டுவார்கள். போய்விட்டு வந்த வண்டிகள் பட்டு மாதிரி ஓடின. "ஒட்டுன கரியைப் பீச்சித்தாங்க எடுக்கோணும், ஓட்டறதுனால அது போவாது," என்றார் கிட்டுசாமி, அவருக்குத் தொழிலில் பொய் சொல்ல வராது. "ஆனா நல்லாச் சூடேற நெடுக ஓட்டுனா புதுசு சீக்கிரம் ஒட்டாது. ஆயிலையும் நாளோட மாத்துங்க."

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அரிசி மண்டி வேலப்பன் சட்டி கருகுகிற வரைக்கும். அவருக்கு வந்தது தாழை, தனுஷ்கோடித் தாழை. அடுத்த வாரம் போகலாம், அறுவடை முடியட்டும் என்று அவர் தள்ளிக்கொண்டே போக, மூன்றாவது வாரம் செடி கருகி விழுந்தது. மறுநாள் காலை அவர் மனைவி "தனுஷ்கோடிக்கு இனி எப்பப் போறது?" என்று கேட்டபோது, "அது எங்க இருக்குது?" என்றார். விளையாட்டில்லை. முப்பது வருஷமாகப் போக வேண்டும் போக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்ட ஊர் அவர் தலைக்குள் இருந்து துடைத்தெடுத்த மாதிரிப் போயிருந்தது. அவருக்கு ஒன்றும் நஷ்டமாகத் தெரியவில்லை, நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். அவர் மனைவிதான் வாசலில் உட்கார்ந்து வெறுஞ்சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூங்கோதையின் காரும் நடுங்க ஆரம்பித்து அந்த வாரம்தான் ஷெட்டுக்கு வந்தது.

பூங்கோதைக்கு ஐம்பத்தேழு வயசு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டிலிருந்து தபாலாபீஸ் ஒன்றரை கிலோமீட்டர், நடந்தால் இருபது நிமிஷம், அந்த ஒன்றரைக்குத்தான் நாலு வருஷமாகக் காரில் போய்க் காரில் வந்துகொண்டிருந்தாள். கார் வாங்கினது அதற்கில்லை. பக்கத்துக் கவுன்ட்டரில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்த பௌசியாவுக்காக வாங்கினது. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள், ஒரே குடையில் வீடு திரும்பியவர்கள், ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி லீவு போடுகிறவர்கள். பௌசியா ரிட்டையராகிச் சொந்த ஊரான கீழக்கரைக்குக் கிளம்பிய அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் அழக்கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்ததால் பௌசியா திட்டினாள். "காரு ஒண்ணு வாங்கு, ஓட்டப் படி, நீயா ஓட்டிக்கிட்டு வா. முதல் சவாரி நான்தான். பஸ்ல வந்து இறங்கினே, வாசப்படி ஏத்த மாட்டேன், பார்த்துக்க."

வாங்கினாள், படித்தாள், கிளம்பவும் செய்தாள். தாராபுரத்துக்கு முன்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரி முந்திக்கொண்டு போனதில் பயந்து வண்டியை ஓரங்கட்டி, ஒரு புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டாள். போனில் "வண்டி ரிப்பேருடி" என்றாள். அடுத்த மாசம் "ஆடிட் வருதுடி" என்றாள். அதற்கடுத்து முட்டிவலி. பொய் சொல்ல வெட்கமாகிப் போய்ப் போன் எடுப்பதைக் குறைத்தாள், பிறகு விட்டுவிட்டாள், இரண்டு வருஷமாகப் பேச்சே இல்லை. பிரியத்துக்குக் குறைவில்லை, தலைகுனிவுதான் காரணம். அதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

அவள் சட்டியில் ஒரு கொடி முளைத்தது. இலை ஆட்டுக்குளம்பு மாதிரி நடுவில் பிளந்திருந்தது, நுனியில் ஊதா நிறத்தில் ஒரு மொட்டு. பார்த்த நொடியில் பூங்கோதைக்குத் தெரிந்துவிட்டது, பௌசியா ஊரிலிருந்து போட்டோவில் அனுப்பிய அதே கொடி, கடற்கரை மணலெல்லாம் படர்ந்து கிடக்கிற அடம்பங்கொடி. ஆனால் ஷெட்டில் கூட்டமாக இருந்தது.

"என்ன செடிங்க அது, போஸ்ட்மாஸ்டரம்மா?" என்றாள் பழனாத்தாள்.

"மந்தாரைங்க," என்றாள் பூங்கோதை. "இலையப் பார்த்தாத் தெரியலீங்களா?"

மந்தாரை காங்கேயத்திலேயே நாலு வீட்டில் நிற்கிறது. அப்படியானால் இந்த அம்மாவின் வண்டிக்கு வெளியே எங்கேயும் போக வேண்டியதில்லை, பாவம், ஒண்டிக்கட்டை, யார் இருக்கிறார்கள் போக, என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருத்தி பூங்கோதையின் கையைக்கூடப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையின் சூடு பூங்கோதைக்கு நெருப்பாகச் சுட்டது. கிட்டுசாமி கார் சாவியைக் கொடுக்கும்போது, "மந்தாரை கொடியா ஓடாதுங்கம்மா," என்றார்.

முதல் வாரம் மொட்டு விரிந்து பூவானது. இரண்டாவது வாரம் ஒரு இலை பழுத்து உதிர்ந்தது, அன்றைக்கு மத்தியானம் டீ வந்தபோது பௌசியா டீக்கு என்ன போட்டுக் குடிப்பாள் என்று யோசித்தாள், வரவில்லை. இஞ்சியா, புதினாவா, இரண்டும் இல்லையா? இருபத்திரண்டு வருஷம் பார்த்ததை எப்படி மறப்பது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்த இலை உதிர்ந்த நாளில் பௌசியாவின் சிரிப்பு போனது, சிரிப்பாள் என்று தெரிகிறது, எப்படிச் சிரிப்பாள் என்று தெரியவில்லை. பூங்கோதை தண்ணீர் ஊற்றினாள், உப்புக் கரைத்து ஊற்றினாள், கடல் மீன் வாங்கிக் கழுவிய தண்ணீரையும் ஊற்றிப் பார்த்தாள், மாரியம்மனுக்கு மாவிளக்கு வைப்பதாக வேண்டிக்கொண்டாள். கொடி எதையும் சட்டை செய்யவில்லை. ஒரு காலையில் நாலு இலை ஒன்றாகக் கிடந்தன, அன்றைக்குப் பௌசியாவின் முகத்தை நினைத்துப் பார்த்தாள், நெற்றி வரைக்கும் வந்தது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

அன்றைக்குத்தான் பயந்தாள். லாரிக்குப் பயந்ததெல்லாம் ஒரு பயமா? வேலப்பனைப் போல நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டு, அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாமல், ஒரு நஷ்டமும் தெரியாமல் தான் மிச்ச காலத்தை ஓட்டப் போகிறோம் என்ற நினைப்பு வந்ததும் சமையலறையில் உட்கார்ந்து குமுறிக் குமுறி அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, முப்பத்தைந்து வருஷத் தபால்காரி ஆயிற்றே, ஒரு கவரை எடுத்து அதன்மேல் பௌசியாவின் பெயரையும் விலாசத்தையும் அழுத்தி எழுதினாள். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. தபால்தலை ஒட்டினாள். விலாசம் எழுதித் தலை ஒட்டிவிட்டால் அது போய்ச் சேர்ந்தாக வேண்டும், கொண்டுபோகிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை; இத்தனை வருஷமாக அவள் நம்பியது அது ஒன்றைத்தான்.

சட்டியைப் பின்சீட்டில் வைத்தாள், கவரை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் செருகினாள், காலை ஆறரைக்குக் கிளம்பினாள். தாராபுரம் ரோட்டில் ஷெட்டைத் திறந்துகொண்டிருந்த கிட்டுசாமி பார்த்துவிட்டு நடுரோட்டுக்கே ஓடி வந்தார். "போங்கம்மா, போங்க! எஞ்சின் நாலாயிரம் சுத்துக்குக் கீழ கியரை மாத்தாதீங்க, நல்லா இழுக்கட்டும்!" என்று கத்தினார். என்ன அறிவுரையோ, அவருக்கு அந்தச் சந்தோஷத்தில் வேறொன்றும் வாயில் வரவில்லை.

பழைய புளியமரம் வந்தது, போனது. லாரி வந்தது, ஹாரன் அடித்தது, "போடா, உனக்கு மட்டுந்தான் ரோடா?" என்று கண்ணாடிக்குள்ளிருந்தே திட்டினாள். ஒட்டன்சத்திரம் தாண்டும்போது எஞ்சின் நன்றாகச் சூடேறி ஒரு தடவைகூடத் திக்காமல் ஓடியது, திண்டுக்கல்லில் இட்லி சாப்பிட்டாள், மதுரையைச் சுற்றிக்கொண்டு போகிற ரோட்டில் வழி கேட்டாள், மானாமதுரை, பரமக்குடி, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலங்காடு, அதற்கப்புறம் பனைமரம், காற்றில் உப்பு. பின்சீட்டில் கொடிக்கு மூன்று இலை இருந்தது, பரமக்குடியில் இரண்டு, அப்புறம் ஒன்று. "இருடி, வந்துட்டேன், இருடி," என்று சட்டியிடம் பேசிக்கொண்டே ஓட்டினாள். இராமநாதபுரத்து ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறக்கக் காத்திருந்த அந்தப் பத்து நிமிஷத்தில் கடைசி இலையும் விழுந்தது.

கேட் திறந்தது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். பூங்கோதைக்குத் தான் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று தெரியவில்லை. இவ்வளவு தூரம் எதற்கு வந்தோம், நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது, பின்சீட்டில் ஏன் ஒரு காய்ந்த செடி இருக்கிறது? திரும்பிப் போய்விடலாம் என்று வண்டியை ஓரங்கட்டினாள். அப்போதுதான் அந்தக் கவர் கண்ணில் பட்டது. கையெழுத்து தன்னுடையது, பெயர் யாருடையதோ. பௌசியா, வடக்குத் தெரு, கீழக்கரை. சரி, ஒரு தபால், போய்ச் சேர வேண்டிய தபால். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண் ஏன் ஈரமாக இருக்கிறது என்றும் தெரியாமல், முதல் கியரைப் போட்டாள்.

மத்தியானத் தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்புகிற நேரம், வடக்குத் தெருவில் ஒரு பச்சைக் கதவைத் தட்டினாள். அறுபத்தைந்து வயசிருக்கும் ஒரு பெண் கதவைத் திறந்தாள். தெருவில் நின்ற காரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், முகமெல்லாம் சிவந்து போய், "வந்துட்டாளாம், நாலு வருஷம் கழிச்சு! ரிப்பேரு சரியாயிருச்சாக்கும்?" என்று ஆரம்பித்தாள்.

"ஏனுங்க," என்றாள் பூங்கோதை, கவரை இரண்டு கையாலும் நீட்டி. "இந்த விலாசம் இதுதானுங்களா?"

இருபத்திரண்டு வருஷமாக 'வாடி போடி' தவிர வேறொன்றும் கேட்டறியாத பௌசியா அந்த 'ங்க'வைக் கேட்டதும் நின்றுவிட்டாள். நடிக்கிறாளோ என்று முகத்தை உற்றுப் பார்த்தாள். நடிப்பில்லை. கவரை வாங்கினாள், எத்தனையோ ரசீதுகளில் பார்த்த அந்தச் சாய்ந்த எழுத்தில் தன் பெயர் இருப்பதைப் பார்த்தாள், பிரித்தாள், உள்ளே ஒன்றுமில்லை.

"எங்கேருந்து வாரீங்க?" என்றாள் மெதுவாக.

"காங்கேயமுங்க."

"தனியாவா? நீங்களே ஓட்டிக்கிட்டா?"

"ஆமாங்க. யாரைப் பார்க்க வந்தேன்னு வழியில மறந்துபோச்சுங்க. பார்க்கோணும்ங்கறது மட்டும் மறக்கலைங்க." பூங்கோதை படியிலிருந்து ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "மன்னிச்சுக்கங்க. உங்களைத் தொந்தரவு பண்ணீட்டேன்."

பௌசியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துக் கதவை அகலத் திறந்தாள்.

"தொந்தரவெல்லாம் ஒண்ணுமில்ல. உள்ள வாங்க," என்றாள். "எம் பேரு பௌசியா. உங்க பேரு என்னம்மா?"

"பூங்கோதைங்க."

"நல்ல பேரு. சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டார்கள். பௌசியா கேட்டாள், பூங்கோதை சொன்னாள்; தபாலாபீஸ் என்றதும் பௌசியா தெரியாதவளைப் போல, "அப்படியா, நானும் அந்த வேலைதான் பார்த்தேன்," என்றாள். முதல் டீயில் இருவரும் முட்டிவலியைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாவது டீயில் பௌசியா, "எங்க ஊர்ல ஒரு வாட்டி ஒருத்தி மணியார்டருக்கு ரேகை வைக்கிறதுக்குப் பதிலா என் கையிலயே மை தடவிட்டா," என்றாள், பூங்கோதை புரையேறச் சிரித்தாள். மூன்றாவது டீயை ஊற்றிக்கொண்டே பௌசியா, "இவ்வளவு நல்லா ஓட்டுறீங்களே, எந்த மடையன்கிட்ட படிச்சீங்க?" என்றபோது, பூங்கோதை டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, யோசிக்காமல், வாய் தவறி, "போடி," என்றாள்.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பௌசியா எழுந்து, சர்க்கரை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள், வெகுநேரம் வெளியே வரவில்லை.